பூட்டு சரி, சாவி யாரிடம்?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் முழுதாகப் படியுங்கள்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர்கள் இன்று பிள்ளை பெற்றுவிட்டார்கள். செம்மேடு பேருந்து நிலையத்திலோ சோளக்காடு சந்தையிலோ பார்த்தால் நலம் விசாரித்து முடித்ததும் அடுத்த கேள்வி இதுதான்: "சார், பையன் போனைக் கீழ வைக்க மாட்டேங்கறான். இத்தனை மணி ஆனா தானா அணைஞ்சு போற மாதிரி ஆப் இருக்குதாமே, எது சார் நல்லது?" ஆப்பின் பெயரைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். ஆனால் அந்தப் பூட்டை யார், எப்படிப்பட்ட வீட்டை மனதில் வைத்துச் செய்தார்கள் என்று தெரிந்தால்தான் நம் மலை வீடுகளில் அது ஏன் சரியாக மாட்டுவதில்லை என்பது புரியும்.

பிள்ளைகள் பெட்டி முன்னால் உட்காரும் நேரத்துக்குக் கட்டுப்பாடு என்பது புதிதல்ல. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. நீண்ட காலம் மாலையில் சில மணி நேரம்தான் ஒளிபரப்பு. வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும், ஞாயிற்றுக்கிழமை ஒரு படம். அது முடிந்தால் எல்லாம் முடிந்தது. யாரும் பிள்ளையை அதட்டி எழுப்ப வேண்டியதில்லை. நிகழ்ச்சியே எழுந்து போய்விடும். ஊர்ப் பொதுத் தொலைக்காட்சிப் பெட்டி பஞ்சாயத்துக் கட்டடத்தில் கதவு போட்ட கூட்டுக்குள் இருக்கும். சாவி ஊரில் ஒருவர் கையில். அவர் உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குக் கீழ்நாடு போய்விட்டால் அன்றைக்கு ஊருக்கே படம் கிடையாது! பூட்டு, சாவி, சாவிக்காரர் மூன்றும் ஊர் கண்ணுக்குத் தெரிந்தன. சாவிக்காரரிடம் கெஞ்சலாம், சண்டை போடலாம், அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்ளலாம்.

2006 செப்டம்பர் 15 முதல் அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியது. பெட்டி பஞ்சாயத்திலிருந்து வீட்டுக்கு வந்தது. கேபிள் வந்தபின் நிகழ்ச்சி தானாக முடிவது என்பதே இல்லாமல் போனது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு வந்தால் வீடுகளில் என்ன செய்வார்கள் என்பது உங்களுக்கே தெரியும். கேபிள் ஒயரைக் கழற்றிப் பரணில் போடுவார்கள், இல்லையென்றால் ரிமோட்டை அரிசிப் பானைக்குள் புதைப்பார்கள். நம் நாட்டுப் பேரன்டல் கண்ட்ரோலின் முதல் பதிப்பு அதுதான் என்பேன். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவும் அதைச் செய்ய முடிந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அமெரிக்காவுக்குப் போவோம். 1990-களின் நடுவில் அங்கே வீடுகளுக்குள் இணையம் நுழைந்தபோது பெற்றோர் பயந்தார்கள். நெட் நானி, சர்ஃப்வாட்ச், சைபர் பேட்ரோல் என்று வடிகட்டும் மென்பொருள்கள் கடைக்கு வந்தன. அவற்றின் முதல் வேலை எதைப் பார்க்கக் கூடாது என்று தடுப்பது. சிலவற்றில் மணிக்கணக்கு வைக்கும் வசதியும் இருந்தது. 1996-ல் அந்த நாட்டு அரசு, சிறுவர்கள் கண்ணில் படும்படி இணையத்தில் ஆபாசம் போடுவதைக் குற்றமாக்கிச் சட்டம் போட்டது. 1997 ஜூன் 26 அன்று அவர்களுடைய உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியப் பகுதியை ரத்து செய்தது. பெரியவர்களின் பேச்சுரிமையையும் அது சேர்த்து நசுக்குகிறது என்பது ஒரு காரணம். பெற்றோரே தங்கள் வீட்டுக் கணினியில் தடுத்துக்கொள்ள மென்பொருள் வந்துகொண்டிருக்கிறதே என்பதையும் தீர்ப்பு எடுத்துச் சொன்னது. என் பார்வையில் திருப்பம் இங்கேதான். சாவி அரசின் கைக்குப் போகாமல் பெற்றோர் கைக்குப் போனது. அங்கே அது நியாயமாகவே இருந்திருக்கலாம். கணினியை வாங்கியவர் அப்பா, அலுவலகத்தில் அதில் வேலை செய்பவரும் அவரே, மென்பொருள் பேசுவதும் அவர் மொழி.

2007 ஜனவரியில் வந்த விண்டோஸ் விஸ்டாவில் இந்தப் பூட்டு கணினிக்குள்ளேயே வந்துவிட்டது. ஒரு கட்டம்; வாரத்தின் ஏழு நாளும் நாளின் 24 மணியும் சிறு சிறு சதுரங்களாக இருக்கும். எந்தச் சதுரத்தைக் கிளிக் செய்து நிறம் மாற்றுகிறோமோ அந்த மணியில் பிள்ளையால் கணினிக்குள் நுழைய முடியாது. பார்ப்பதற்குப் பள்ளி டைம் டேபிள் மாதிரி இருக்கும், எனக்குப் பிடித்தது. ஒரே நிபந்தனை: நிர்வாகி கணக்கும் அதன் கடவுச்சொல்லும் பெற்றோரிடம் இருக்க வேண்டும், பிள்ளை தனியாக ஒரு சாதாரணக் கணக்கில் நுழைய வேண்டும்.

நம் ஊருக்குக் கணினி எப்படி வந்தது? 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் முதல்வர் ஜெயலலிதா இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்தது. ஆரம்ப ஆண்டு மடிக்கணினிகளில் விண்டோஸும் இருந்தது, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. 70 கொண்டை ஊசி வளைவு ஏறி அந்தப் பெட்டிகள் கொல்லிமலைக்கும் வந்தன. மிளகுக் கொடியும் மரவள்ளியும் தவிர வேறு சொத்து இல்லாத வீடுகளில் நுழைந்த முதல் கணினி அதுதான்.

அதை அரசு யார் கையில் கொடுத்தது? அப்பா கையில் அல்ல, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளையின் கையில். முதல் முறை திறந்து பெயர் போட்டுக் கடவுச்சொல் வைத்ததும் பிள்ளைதான். அதாவது நிர்வாகி பிள்ளை. அப்பாவுக்கு அதில் கணக்கே கிடையாது. விஸ்டாவின் அழகான டைம் டேபிள் கட்டம் அதே வரிசையில் வந்த விண்டோஸ் 7-லும் இருந்தது. நம் வீட்டில் அதைப் போட வேண்டுமென்றால் பிள்ளை தனக்குத் தானே போட்டுக்கொள்ள வேண்டும்.

இதைக் குறையாக நான் சொல்லவில்லை. அந்தத் திட்டத்திலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். வீட்டில் ஒரு பொருள் பெண் பிள்ளையின் பெயரில், அவள் கையெழுத்துப் போட்டு வாங்கியதாக வந்தது. அண்ணன் பிடுங்கினாலும் அது தங்கச்சியின் லேப்டாப் என்று ஊர் சொல்லும். பூட்டு, கட்டுப்பாடு என்று பேசும்போதெல்லாம் எனக்கு இந்தப் பயமும் சேர்ந்தே வரும். நம் வீடுகளில் பூட்டு முதலில் விழுவது பெண் பிள்ளையின் மேல்தான். இரவு பதினோரு மணிவரை விளையாடும் பையனை "விடு, ஆம்பளப் பிள்ளை" என்பவர்கள், பாடத்துக்காகப் போனைக் கேட்கும் பெண்ணிடம் "உனக்கெதுக்கு அது?" என்று கேட்டதை 2020-ல் நிறையவே பார்த்தோம்.

அந்த 2020-ஐச் சொல்லாமல் இந்த வரலாறு முடியாது. கொரோனாவில் பள்ளி மூடியதும் வகுப்பு போனுக்குள் போனது. அந்த ஜூலையில் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் 'பிரக்யாதா' என்று வழிகாட்டுதல் வெளியிட்டது: ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை ஒரு நாளைக்கு 30 முதல் 45 நிமிட வகுப்பு இரண்டுக்கு மேல் கூடாது, ஒன்பதுக்கு மேல் நான்கு வரை. திரை நேரத்துக்கு அரசு போட்ட அளவு. நல்ல அளவுதான். ஆனால் நம் மலையில் பிரச்சினை நேர் எதிர். பல குக்கிராமங்களில் டவரே எடுக்காது. அடுத்த ஆண்டு நாமக்கல் மாவட்டத்து மலையடிவாரப் பிள்ளைகள் சிக்னலுக்காக ஆலமரத்தில் ஏறி உட்கார்ந்து பாடம் கேட்ட படம் செய்திகளில் வந்தது நினைவிருக்கும். மரத்தின் மேல் இருக்கும் பிள்ளையிடம் திரை நேரத்தைக் குறை என்று யார் சொல்வது?

டவர் வந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. கடன் வாங்கிப் பாடத்துக்காக வாங்கிய போன் வீட்டிலேயே தங்கிவிட்டது. பாடம் பள்ளிக்குத் திரும்பியது, போன் திரும்பவில்லை. நான் பெற்றோரிடம் கேட்கும் புலம்பல் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

இந்தக் காலத்துப் பூட்டுகளில் பலரும் சொல்வது கூகுளின் ஃபேமிலி லிங்க். 2017-ல் அமெரிக்காவில் தொடங்கி இங்கேயும் வந்தது. ஆப்பிள் போன்களில் 2018 முதல் ஸ்கிரீன் டைம் இருக்கிறது. ஃபேமிலி லிங்கில் நாளுக்கு இத்தனை மணி, இரவு இத்தனை மணிக்கு மேல் பூட்டு, எந்த ஆப்புக்கு எவ்வளவு என்று எல்லாம் வைக்கலாம். நல்ல கருவி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது எதிர்பார்ப்பதைப் பாருங்கள். பெற்றோருக்கு ஒரு போன், பிள்ளைக்கு ஒரு போன். இருவருக்கும் தனித்தனி மின்னஞ்சல். பிள்ளையின் உண்மையான பிறந்த தேதி. பெற்றோர் தன் போனில் வரும் அறிவிப்பைப் படித்துச் சம்மதம் தர வேண்டும். நம் வீட்டில் இருப்பது ஒரே போன். மின்னஞ்சல் தொடங்கிக் கொடுத்தது பிள்ளை. அப்பா வெளியூர் வேலைக்குப் போனால் வாரக்கணக்கில் வர மாட்டார். பாட்டிதான் காவல். ஒரு வீட்டில் நானே கேட்டேன், "பூட்டு போட்டாச்சு சார், இவன்தான் போட்டுக் குடுத்தான்" என்று அம்மா பெருமையோடு மகனைக் காட்டினார். பையன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

சாவியை அரசே வைத்துக்கொண்ட நாடுகளும் உண்டு. தென் கொரியா 2011 நவம்பரில் 16 வயதுக்குட்பட்டவர்கள் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை இணைய விளையாட்டு ஆடக் கூடாது என்று சட்டம் கொண்டுவந்தது. பிள்ளைகள் பெற்றோரின் அடையாள எண்ணைப் போட்டு உள்ளே போனார்கள்; பிறகு, சட்டம் எட்டாத செல்போன் விளையாட்டுக்கு மாறினார்கள். 2022 ஜனவரி முதல் அந்தச் சட்டமே இல்லை. சீனா 2021-ல் இன்னும் கடுமையாக, வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இரவு 8 முதல் 9 வரை ஒரு மணி நேரம் மட்டும் என்றது. அங்கே தாத்தா பாட்டி பெயரில் கணக்கு எடுத்து ஆடினார்கள். கொல்லிமலையானாலும் பெய்ஜிங் ஆனாலும் பாட்டிதான் கிடைக்கிறாள்!

நம் நாட்டில் 2021 பிப்ரவரியில் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள், 13 வயதுக்கு மேற்பட்டோருக்கானது என்று வகைப்படுத்திய படங்களுக்கு ஓடிடி நிறுவனங்கள் பேரன்டல் லாக் தர வேண்டும் என்றன. 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவர்களின் தரவைக் கையாளச் சரிபார்க்கத்தக்க பெற்றோர் சம்மதம் கேட்கிறது. தமிழ்நாடு 2025-ல் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை தடை போட்டது. அது பெரியவர்களுக்குப் போட்ட பூட்டு. பிள்ளைகளுக்குச் சொல்லும் புத்தி நமக்கும் தேவைப்பட்டிருக்கிறது.

இதில் நம் மாநிலத்து வழக்கு ஒன்று கவனிக்க வேண்டியது. ஆபாசப் படங்கள் குழந்தைகள் கையில் எளிதாகக் கிடைப்பதைத் தடுக்க, இணையச் சேவை நிறுவனங்களே பெற்றோர் கட்டுப்பாட்டு வசதி தர உத்தரவிட வேண்டும் என்று 2018-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் பொதுநல மனு ஒன்று போடப்பட்டது. 2025 டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு, ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குட்பட்டவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைக்க முடியாதபடி கொண்டுவந்தது போன்ற சட்டத்தை மத்திய அரசு பரிசீலிக்கலாம் என்றது. அதுவரை குழந்தைகள் உரிமை ஆணையங்கள் விழிப்புணர்வை மேற்கொள்ள வேண்டும் என்றும் சொன்னது. பலரும் அந்த ஆஸ்திரேலியா செய்தியை மட்டும் பகிர்ந்தார்கள். எனக்கு மனு கேட்டதுதான் பெரிதாகத் தெரிந்தது. சிம் கார்டு கொடுக்கும் இடத்திலேயே பூட்டையும் கொடு என்கிறது அது. கேபிள் ஒயரைக் கழற்றிய அம்மாவால் செய்யக்கூடிய அளவுக்கு எளிமையாக வேண்டும் என்பதற்கு அதுதான் பக்கத்தில் வருகிறது.

அந்த வசதி வரும்வரை மலையில் பணிபுரியும் ஆசிரியத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வரும் அம்மாக்களிடம் போனைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அரை மணி நேரம் போதும். கடவுச்சொல் எண்ணைப் பிள்ளையைக் கூப்பிடாமல் அவரே தன் விரலால் போடட்டும். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாவிட்டாலும் எண் எல்லோருக்கும் தெரியும். முடிந்தால் ஒன்றை மட்டும் கூடவே சொல்லுங்கள்: மகனுக்கு எத்தனை மணியோ மகளுக்கும் அத்தனை மணி.