தழும்பு உரைப்பதும் உரையாததும்: நுரையீரல் நோயின் போக்கைக் கணிப்பதில் மார்புக் கதிர்ப்படம்

ஆய்வுச் சுருக்கம்

நுரையீரலில் தழும்பை விளைவிக்கும் நோய்களில் நோயாளியின் எதிர்காலத்தை மார்புக் கதிர்ப்படம் எந்த அளவிற்கு முன்னுரைக்கும் என்னும் வினாவை, சென்னையில் 1956இல் தொடங்கப்பெற்ற காசநோய் ஆய்வை நடுவாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. படம் நோய் விளைவித்த வடிவத்தைக் காட்டும்; அதன் காரணத்தையும் உயிர்ப்பையும் அது தனித்து நின்று உரைப்பதில்லை என்பது இக்கட்டுரையின் துணிபாகும்.

திறவுச்சொற்கள்: மார்புக் கதிர்ப்படம், நுரையீரல் தழும்பு, காசநோய், சென்னை ஆய்வு, சிலிக்கோசிஸ், மேலூர்.

முன்னுரை

மேலூரை அடுத்துள்ள திருவாதவூர், மாணிக்கவாசகர் பிறந்த ஊராகவும் தமிழிக் கல்வெட்டுடன் கூடிய சமணக் குகைத்தளம் உடைய ஊராகவும் ஆய்வுலகில் நன்கு அறியப்பட்டது. அவ்வூர் அடங்கிய மேலூர் வட்டாரம் அண்மைக் காலத்தில் கிரானைட் குவாரிகளாலும் அறியப்படுகிறது. பாறையைத் துளையிடும்போதும் அறுக்கும்போதும் எழும் சிலிக்காத் தூசு நுரையீரலில் ஆறாத் தழும்பை உண்டாக்க வல்லது. இதுவே சிலிக்கோசிஸ் எனப்படுகிறது. காசநோயும் ஆறும்போது தழும்பை விட்டுச் செல்லும். இவ்விரு நோய்களின் நிழலும் மார்புப் படத்தில் பெரும்பாலும் நுரையீரலின் மேற்பகுதியிலேயே விழும். எனவே, கல்லுடைக்கும் தொழிலாளி ஒருவரின் படத்தைக் கையில் எடுக்கும் மருத்துவர் இரண்டு வினாக்களுக்கு விடை காண வேண்டியுள்ளது. இத்தழும்பு எதனால் வந்தது? இவர் இனி எவ்வாறு இருப்பார்? முதல் வினாவிற்கு விடை காணாமல் இரண்டாவதற்கு விடை கூற முனைந்தால் நேர்வது என்ன என்பதைத் தமிழகத்தின் காசநோய் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

படமே அளவுகோலாக இருந்த காலம்

ராண்ட்கன் 1895இல் ஊடுகதிரைக் கண்டறிந்தார். அதன்பின் சில பத்தாண்டுகளில் மார்பு நோய் மருத்துவத்தின் மையக் கருவியாக அது வளர்ந்தது. சென்னையில் பர்னார்ட் கதிரியல் நிறுவனம் 1934இல் திறக்கப்பெற்றது. அதற்கு முன்பே, 1928இல், மருத்துவர் சௌரி முத்து தாம்பரத்தில் காசநோய்ச் சானடோரியத்தை நிறுவியிருந்தார். இங்கிலாந்தில் அவர் நடத்திய மெண்டிப் மலைச் சானடோரியத்தில் கணிதமேதை இராமானுஜன் சில காலம் சிகிச்சை பெற்றார். தாம்பரம் நிறுவனம் 1937இல் சென்னை அரசின் பொறுப்பிற்கு வந்தது. இன்றும் அப்பகுதி சானடோரியம் என்னும் பெயராலேயே வழங்குகிறது.

கிருமியை அழிக்கும் மருந்து இல்லாத அக்காலத்தில் ஓய்வும் காற்றும் உணவுமே சிகிச்சை. மார்புக்கூட்டினுள் காற்றைச் செலுத்தி நோயுற்ற நுரையீரலைச் சுருக்கும் முறையும் கையாளப்பட்டது. இவை பயன் தந்தனவா என்பதை அறிய அடுத்தடுத்து எடுக்கப்பட்ட படங்கள் ஒப்பிடப்பட்டன. நிழல் சுருங்கினால் நம்பிக்கை, குழிவு பெருகினால் அச்சம் என்பதே நடைமுறை. இக்கணிப்பிற்கு அடிப்படை இல்லாமலில்லை. பெரிய குழிவில் கிருமிகள் மிகுதி. சிகிச்சையின்றி விடப்பட்டோரில் இறப்பும் மிகுதி. ஆயினும், குழிவு ஆபத்தானதாக இருந்தமைக்குக் காரணம் அதன் வடிவம் அன்று. அதில் வாழ்ந்த கிருமியே. கிருமியை ஒழிக்க வழி தோன்றும் வரை இவ்வேறுபாடு நடைமுறையில் பொருளற்றதாகவே இருந்தது.

ஐயம் எழுந்த விதம்

படத்தின் தனியாட்சிக்கு முதல் ஐயம் அமெரிக்காவில் எழுந்தது. 1947இல் வெளியான ஓர் ஆய்வில் 1,256 பேரின் மார்புப் படங்களை ஐந்து வல்லுநர்கள் தனித்தனியே படித்தனர். அவர்களின் கருத்துகள் ஒன்றோடொன்று முரண்பட்டன. ஒரே வல்லுநர் அதே படத்தை மீண்டும் படித்தபோது தம் முந்தைய முடிவிலிருந்தே மாறியதும் உண்டு.

அடுத்த ஆண்டு பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வை வெளியிட்டது. மருந்து பெற்ற 55 பேரில் ஆறு மாதங்களுக்குள் 4 பேரும், ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேரும் இறந்தனர். படத்தில் பெருமுன்னேற்றம் கண்டோர் முறையே 51 விழுக்காட்டினரும் 8 விழுக்காட்டினரும் ஆவர். எந்த நோயாளி எந்தச் சிகிச்சை பெற்றார் என்பதை அறியாதவர்களே அங்குப் படங்களை மதிப்பிட்டனர். படம் முக்கிய அளவுகோலாகவே நீடித்தது. ஆனால் படிப்பவரின் விருப்பு முடிவைக் கோணலாக்காதிருக்க வேலி இடப்பட்டது. அதே 1948இல்தான் புதுமைப்பித்தன் காசநோயால் மறைந்தார் என்பதை ஈண்டு நினைவுகூரலாம்.

சென்னை ஆய்வு

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக நலவாழ்வு நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவற்றின் கூட்டு முயற்சியால் 1956இல் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் சென்னையில் அமைந்தது. வாலஸ் ஃபாக்ஸ் அதன் தொடக்கக்காலப் பணிகளை வழிநடத்தினார். நாட்டில் நோயாளர் எண்ணிக்கைக்கு மருத்துவமனைப் படுக்கைகள் சிறிதும் போதவில்லை. ஆதலின், வீட்டிலிருந்தே மருந்துண்டால் நோய் தீருமா என்பதே கேள்வி.

சளியில் கிருமி உறுதிப்பட்ட 150க்கு மேற்பட்ட ஏழை நோயாளர்கள் தற்செயல் ஒதுக்கீட்டு முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். இரு பிரிவினருக்கும் ஐசோனியாசிட், பாஸ் என்னும் இரு மருந்துகள் ஓராண்டு வழங்கப்பட்டன. சானடோரியப் பிரிவினர் நல்லுணவும் ஓய்வும் பெற்றனர். வீட்டுப் பிரிவினர் நெரிசலான குடியிருப்புகளில், குறைந்த உணவோடு, அன்றாட உழைப்பினின்று முற்றிலும் விடுபடாமல் வாழ்ந்தனர்.

இங்கும் மார்புப் படங்கள் சிகிச்சை விவரம் அறியாத மதிப்பீட்டாளரால் படிக்கப்பட்டன. ஆயினும் நோய் அடங்கியதா என்பதைத் தீர்மானித்த முதன்மை அளவுகோல் சளியில் கிருமி வளர்கிறதா என்னும் ஆய்வகச் சோதனையே. 1959இல் வெளியான முடிவின்படி, வீட்டில் சிகிச்சை பெற்றோரில் 86 விழுக்காட்டினருக்கும் சானடோரியத்தில் பெற்றோரில் 92 விழுக்காட்டினருக்கும் நோய் அடங்கியது. நோயாளருடன் ஒரே வீட்டில் வாழ்ந்த உறவினருக்கும் அதனால் கூடுதல் பாதிப்பு நேரவில்லை என்பது தொடர் கண்காணிப்பில் தெளிவாயிற்று.

இம்முடிவின் உட்பொருள் கருதத்தக்கது. சிகிச்சை முடிந்தபின்னும் பலரின் படத்தில் தழும்பு இருந்தது. சிலரிடம் குழிவும் எஞ்சியது. பழைய அளவுகோலின்படி அவர்கள் நோயாளர். புதிய அளவுகோலின்படி கிருமி நீங்கியோர். தழும்பு நோயின் சுவடு. அதுவே நோயன்று என்னும் தெளிவு இங்குப் பிறந்தது.

தெளிவின் சமூகப் பயன்

1962இல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டம் சளியை நுண்ணோக்கியில் காணும் எளிய சோதனைக்கு முதன்மை அளித்தது. எக்ஸ்ரே வசதியற்ற சிற்றூர் மருத்துவமனையும் நோயைக் கண்டறிய வழி பிறந்தது. பழைய தழும்பை மட்டும் கொண்டு ஒருவரை மாதக்கணக்கில் குடும்பத்தினின்று பிரித்துவைக்கும் தேவையும் குறைந்தது. சென்னை மையம் பிற்காலத்தில் காசநோய் ஆராய்ச்சி மையமாகவும், 2011 முதல் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாகவும் வளர்ந்தது. அதன் கிளை மதுரையிலும் செயற்பட்டது.

படத்தின் மறுவருகை

கிருமியே காரணமாகாத தழும்பு நோய்களுக்கு இத்தீர்வு பொருந்தாது. சிலிக்கோசிஸிலும், காரணம் புலப்படாத நுரையீரல் நார்த்திசு நோயிலும் சளியில் தேடுவதற்கு எதுவும் இல்லை. இங்குத் தழும்பே நோய். ஆதலின் படம் இழந்த தகுதியை மீண்டும் பெறுகிறது. தூசு நோய்ப் படங்களைத் தரப்படுத்தும் முயற்சி 1930இல் ஜோகன்னஸ்பர்க்கில் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு கூட்டிய மாநாட்டில் தொடங்கியது. இன்று நுண்பிளப்பு சி.டி. படத்தில் தேன்கூடு போன்ற அமைப்பும், தழும்பால் இழுபட்டு விரிந்த மூச்சுக்குழல்களும் தென்பட்டால் நோய் விரைந்து முற்றக்கூடும் எனக் கணிக்கின்றனர்.

எனினும் இங்கும் படம் தனித்து நிற்பதில்லை. இந்தியாவின் 27 மையங்களில் 1,084 நோயாளரைப் பதிவு செய்து 2017இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 47 விழுக்காட்டினருக்கு உள்ளிழுத்த பொருளால் எழும் ஒவ்வாமை அழற்சியே நோயாக இருந்தது. அவர்களுள் பலரிடம் காரணமாக ஐயுறப்பட்டது ஏர்கூலர். நோயாளியின் வீட்டையும் தொழிலையும் கேட்டறியாத கணிப்பு, காரணத்தை நீக்கும் வாய்ப்பையே இழந்துவிடும்.

முடிவுரை

சிலிக்கோசிஸ் சட்டப்படி அறிவிக்கப்பட வேண்டிய தொழில் நோயாகும். குவாரித் தொழிலாளியின் தழும்பு காசநோய் என்றே படிக்கப்பட்டால், வேண்டாத மருந்தை மீண்டும் மீண்டும் உண்பதும், தூசிலேயே தொடர்ந்து உழைப்பதும், உரிய இழப்பீட்டை இழப்பதும் நேரும். மாறாக, எல்லாம் தூசினால் வந்தது என ஒதுக்கினால், சிலிக்கோசிஸ் உடையோரை எளிதிற் பற்றும் காசநோய் கண்ணுக்குத் தப்பும். சளிச் சோதனை, தொழில் வரலாறு, மூச்சுத்திறன் அளவீடு, கால இடைவெளியில் எடுத்த படங்களின் ஒப்பீடு ஆகிய நான்கும் ஒருங்கே அமைந்தால்தான் கணிப்பு நேர்மையானதாகும். ஆகவே, மேலூர் வட்டாரத்தில் மார்புப் படம் எடுக்கும் ஒவ்வோரிடத்திலும் "என்ன வேலை செய்கிறீர்கள், எத்தனை ஆண்டுகளாக?" என்னும் வினாவிற்கான விடையும் படத்தோடு பதிவு செய்யப்பட வேண்டும். அதற்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை.