முகம் தெரியாதவரின் கடிதம்

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறவரிடம், "எத்தனை நாளா இருக்கு?" என்றுதான் வார்டில் முதலில் கேட்பேன். இந்தக் கேள்விக்குப் பின்னால் இருநூற்றைம்பது ஆண்டு வரலாறு இருக்கிறது.

1768இல் லண்டன் ராயல் மருத்துவர் கல்லூரியில் வில்லியம் ஹெபர்டன் ஒரு கட்டுரை வாசித்தார். சாப்பிட்டபின் நடந்தால் நெஞ்சு இறுகும், நின்றால் விட்டுவிடும். இதற்கு 'அஞ்சைனா பெக்டோரிஸ்' என்று பெயரிட்டார். 1772இல் அது அச்சானதும், பெயர் சொல்லாத ஒருவரிடமிருந்து அவருக்குக் கடிதம் வந்தது. தனக்கும் இதே தொல்லைதான், திடீரென்று இறந்துபோனால் உடலைத் திறந்து பாருங்கள் என்று எழுதியிருந்தார். மூன்று வாரத்துக்குள் இறந்தும் போனார். அறுவை மருத்துவர் ஜான் ஹன்டர் உடலைத் திறந்தார். இதயத்தில் குறிப்பிடும்படி எதுவும் தென்படவில்லை. இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகும் கரோனரி குழாய்களை யாரும் வெட்டிப் பார்க்கவில்லை. உடம்பையே தந்துவிட்டுப் போன அந்த மனிதரை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறுவதில்லை.

ஹன்டரின் மாணவர் எட்வர்ட் ஜென்னர், பின்னாளில் பெரியம்மைக்குத் தடுப்பூசி தந்தவர். இன்னொரு அஞ்சைனாக்காரரின் இதயத்தை அறுக்கையில் கடினமான எதிலோ மோதி அவர் கத்தியின் வாயில் பல் விழுந்தது. பழைய கூரை, காரை உதிர்ந்திருக்குமோ என்று அண்ணாந்து பார்த்தார். கரோனரி குழாயே எலும்பாய் இறுகியிருந்தது. அதற்குள் ஹன்டருக்கும் நெஞ்சுவலி வந்துவிட்டிருந்ததால், ஆசான் மனம் உடைவாரே என்று அதை வெளியிடாமல் இருந்தார். 1793 அக்டோபர் 16 அன்று செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனைக் கூட்டத்தில் வாக்குவாதம் முற்றி, பக்கத்து அறைக்குப் போன ஹன்டர் அங்கேயே சரிந்து இறந்தார். அவர் கரோனரிகளும் இறுகித்தான் இருந்தன.

உயிரோடிருப்பவரின் கரோனரிக்குள்ளேயே நேரடியாகச் சாயம் செலுத்திப் படமெடுக்க 1958 ஆயிற்று. கிளீவ்லாந்தில் இதய மருத்துவர் மேசன் சோன்ஸ் ஓர் இளைஞரின் மகாதமனியில் எக்ஸ்ரேயில் தெரியும் சாயத்தைச் செலுத்தியபோது, கதீட்டர் என்ற மெல்லிய குழல் தவறி வலது கரோனரிக்குள் போய்விட்டது. இதயம் சில நொடி நின்றது; இருமச் சொல்லி மீட்டார். கரோனரி ஆஞ்சியோ அங்கே தொடங்கியது.

ஆஞ்சியோ பழகிய பிறகு ஒன்று தெரிந்தது. நாள்பட்ட வலிக்காரர்களைவிட, புதிதாய் வலி வந்தவர்களில் ஒரே குழாயில் அடைப்புள்ளவர்கள் அதிகம். ஒன்றுதானே என்று ஆறுதல்பட இடமில்லை. குழாய்ச் சுவரிலுள்ள கொழுப்புப் படிவின் மேல்தோல் கிழிந்து, அங்கே ரத்தம் உறைந்துகொண்டிருக்கலாம். நாள்பட்டவர்கள் பலருக்கு அடைப்பைச் சுற்றி ரத்தம் கொண்டுபோகும் துணைக்குழாய்கள் மெல்ல வளர்ந்திருக்கும். புதியவருக்கு அதற்கு அவகாசமே கிடைத்திருக்காது. உறைதல்தான் எதிரி என்பதற்கு 1983இல் வலுவான சான்று வந்தது: அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் நிலையற்ற அஞ்சைனாவுடன் (புதிதாய் வந்த அல்லது திடீரென்று கடுமையாகிற நெஞ்சுவலியுடன்) இருந்த 1266 ஆண்களிடம் நடந்த ஆய்வில், 12 வாரம் தினமும் ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின் 324 மில்லிகிராம் சாப்பிட்டவர்களில் மரணமோ மாரடைப்போ 5 சதவீதம், சாப்பிடாதவர்களில் 10.1. 1989இல் இதய மருத்துவர் யூஜீன் பிரான்வால்ட், இரண்டு மாதத்துக்குள் தொடங்கிய கடும் அஞ்சைனாவை நிலையற்ற வகையில் சேர்த்தார். நாங்கள் நாள் கேட்பது அதனால்தான்.

நம் வீடுகளில் இந்த வலிக்கு வாயு என்று பெயர் வைத்து, சோடா குடித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இதுவரை இல்லாத இறுக்கம் நெஞ்சில் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். ஈசிஜி சரியாக இருக்கிறது என்று உடனே எழுந்து வந்துவிடவும் வேண்டாம். வலி விட்டபின் எடுக்கும் ஈசிஜி பலருக்குச் சரியாகவே இருக்கும்.