கனடியச் சினிமாவும் அந்நியர் கைத் திரைகளும்

1934ஆம் ஆண்டில் இலங்கையைப் பொருளாகக் கொண்டு எடுக்கப்பட்ட ‘சோங் ஒவ் சிலோன்’ என்னும் விவரணப் படத்தைத் திரைப்பட வரலாற்றாசிரியர் இன்றும் போற்றுகின்றனர். அதனை நெறிப்படுத்தியவர் பசில் றைற். தயாரித்தவர் ஜோன் கிரியேர்சன். செலவை ஏற்றது இலங்கைத் தேயிலைப் பிரசார சபை. விற்பனைக்காகப் பிறந்த படம் விற்பனையை மறந்து கலையாக உயர்ந்தது ஒரு விந்தையே. அத்தேயிலையைக் கொய்த தோட்டத் தொழிலாளரின் துயரம் அதன் பொருளாக அமையவில்லை என்பது வேறு விடயம். இதே கிரியேர்சன் ஐந்தாண்டுகளின் பின், 1939இல், புதிதாக அமைக்கப்பட்ட கனடியத் தேசியத் திரைப்படச் சபையின் முதலாவது ஆணையாளரானார். நமக்குச் சற்றே அறிமுகமான இம்மனிதர் சென்று சேர்ந்த நாட்டின் சினிமா எத்தகைய நிலையில் இருந்தது என்பதை நோக்குவோம்.

வளம் மிக்க நாடு கனடா. தொழில்நுட்ப அறிவுக்கோ நடிகருக்கோ அங்கு என்றும் பஞ்சம் இருந்ததில்லை; மௌனப்பட யுகத்தின் மகாராணியாக விளங்கிய மேரி பிக்போட் ரொறன்ரோவிலே பிறந்தவர். ஆயினும் ஆங்கிலம் பேசும் கனடியர் தம் நாட்டுப் படங்களைத் தம் ஊர்ப் படமாளிகைகளிற் காண்பது இன்றளவும் அரிதாகவே உள்ளது. கனடியர் மந்தமானவர், சனத்தொகை சிறிது, பனியையும் மரத்தையும் தவிர அவர்களிடம் கதை இல்லை என்பன இதற்குக் கூறப்படும் வழக்கமான காரணங்கள். இவற்றை நாம் ஏற்பதற்கில்லை. படமாளிகையின் திறவுகோல் யாரிடம் இருந்தது என்று கேளாமல் ஒரு கலையின் தளர்ச்சியை விளக்கப் புகுவது, களஞ்சியத்தின் பூட்டைப் பாராது உழவனின் சோம்பலைப் பழிப்பது போலாகும்.

தொடக்கம் நன்றாகவே இருந்தது. 1919இல் ஏர்ணெஸ்ட் ஷிப்மன் தயாரித்து, அவர் மனைவி நெல் ஷிப்மன் நடித்த ‘பக் ரூ கோட்ஸ் கன்றி’ அல்பேட்டாவின் கடுங்குளிரிற் படமாக்கப்பட்டது. கதாநாயகனாக ஒப்பந்தமானவர் படப்பிடிப்பின்போதே நிமோனியாவால் இறந்தார். அத்தனை இடருக்கும் பின் வெளிவந்த அப்படம் முதலிட்டவர்களுக்குப் பெரும் இலாபம் ஈட்டிக் கொடுத்தது. ஷிப்மன் பின்னர் ஊர் ஊராகச் சென்று, உள்ளூர் மக்களின் பங்குப் பணத்தைக் கொண்டு கம்பனிகள் அமைத்தார். ஒவ்வொரு நகரும் தன் கதையைத் தானே படமாக்கவேண்டும் என்பது அவர் எண்ணம். 1923 அளவில் அம்முயற்சி முற்றாகச் சரிந்தது. படம் எடுக்கலாம், காட்டுவதற்கு இடம் வேண்டுமே.

அவ்விடங்களை வளைத்துக் கொண்டிருந்தது 1920இல் உருவான பேமஸ் பிளேயர்ஸ் கனடியன் கூட்டுத்தாபனம். கனடாவின் பெரும் நகரங்களின் முதற்தரப் படமாளிகைகள் அதன் வலையமைப்பில் அடங்கின. 1930இல் அதன் ஆதிக்கம் முழுமையாக அமெரிக்கப் பாரமவுண்ட் நிறுவனத்தின் கைக்கு மாறியது. படத்தைத் தயாரிப்பவனும் விநியோகிப்பவனும் காட்டுபவனும் ஒருவனேயாயின் பிறருக்கு அங்கு என்ன வேலை? மத்திய அரசு நியமித்த விசாரணையாளர் பீற்றர் வைற் 1931இல் அளித்த அறிக்கையில், இந்நிறுவனம் போட்டியை ஒடுக்கும் ஒரு கூட்டு எனக் கண்டார். வழக்குத் தொடரப்பட்டது. 1932இல் ஒன்ராறியோ நீதிமன்றம் எதிரிகளை விடுதலை செய்தது.

இதனிடையே 1928இல், ஏறத்தாழ ஐந்து இலட்சம் டொலர் செலவில் ‘கரி ஒன், சார்ஜன்ற்’ என்னும் போர்ப் படம் மௌனப் படமாக வெளிவந்து, பேசும் படத்தின் ஆரவாரத்தில் அமிழ்ந்தது. பிரித்தானியாவின் 1927ஆம் ஆண்டு ஒதுக்கீட்டுச் சட்டம் பேரரசுப் படங்களுக்கும் இடமளித்தமையால், ஹொலிவூட் கம்பனிகள் கனடாவில் மலிவான படங்களைச் சுட்டுத் தள்ளிப் பிரித்தானியத் திரைகளை நிரப்பின. 1938இல் அச்சட்டம் திருத்தப்பட்டதும் அக்கூடாரங்கள் கலைந்தன. இப்படங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கு இல்லை.

ஆனால் 1948இல் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்லவே வேண்டும். போருக்குப் பின் கனடாவில் டொலர்த் தட்டுப்பாடு ஏற்பட்டது. படவசூலாக எல்லை கடக்கும் பணத்தைத் தடுக்கவோ அதன் ஒரு பகுதியை உள்நாட்டிலே முதலிடச் செய்யவோ அரசு முனையக்கூடும் என ஹொலிவூட் அஞ்சியது. அப்போது அது முன்வைத்த மாற்று யோசனைக்குக் கனடிய ஒத்துழைப்புத் திட்டம் என்று பெயர். பணத்தில் நீங்கள் கைவைக்க வேண்டாம். எங்கள் படங்களில் உங்கள் நாட்டின் பெயரை அடிக்கடி உச்சரிக்கிறோம். உல்லாசப் பிரயாணிகள் திரண்டு வருவார்கள் என்பதே அதன் சாரம். அரசு உடன்பட்டது! 1952இல் வந்த ஓர் அமெரிக்க மேற்குப்புறப் படத்தில், இரவில் கூவும் பறவையைக் கனடாவிலிருந்து வந்தது என்று பாத்திரம் ஒன்று சொல்லும். அத்தகைய வசனங்கள் கணக்கிடப்பட்டுத் திட்டத்தின் சாதனையாகக் காட்டப்பட்டன. ஒரு தேசத்தின் திரைப்படத் தொழிலுக்கு ஈடாகக் கிடைத்தது ஒரு குருவியின் பெயர். இத்திட்டம் பத்தாண்டுகள் நீடித்தது.

இவ்விருளின் நடுவே தேசியத் திரைப்படச் சபை ஆற்றிய பணியை மதிப்பிடும்போதுதான் கனடியச் சினிமாவின் உண்மையான தகைமை புலப்படும். போர்க்காலத்திற் கிரியேர்சன் படமாளிகைகளை மட்டும் நம்பியிருக்கவில்லை. படங்காட்டும் கருவியுடன் கிராமம் கிராமமாகச் செல்லும் சுற்றுகள் அமைக்கப்பட்டன. பாடசாலை மண்டபங்களிலும் தொழிற்சாலைகளிலும் தொழிற்சங்கக் கூட்டங்களிலும் படங்கள் காட்டப்பட்டு, முடிந்தபின் மக்கள் அவற்றைப் பற்றி விவாதித்தனர். வணிகத் திரைக்கு வெளியே ஒரு மக்கள் திரை உருவாயிற்று. அதற்கான தண்டனையும் வந்தது. கிரியேர்சன் 1945இல் விலகினார். சோவியத் ஒற்று விவகாரம் வெடித்ததும் அவர் மீதும் ஐயம் பாய்ந்தது. 1949இல் சபையின் ஊழியர்கள் அரசியற் சோதனைக்கு உட்படுத்தப்பட்டுச் சிலர் வேலை இழந்தனர்.

அச்சபையிலிருந்துதான் 1952இல் நோர்மன் மக்லாரனின் ‘நெய்பர்ஸ்’ வந்தது. எல்லையில் மலர்ந்த ஒரு பூவுக்காக அயலவர் இருவர் அடித்துக்கொண்டு மடிகின்ற எட்டு நிமிடக் கதை. உயிருள்ள மனிதரையே பொம்மைகள் போல ஒவ்வொரு படச்சட்டமாக நகர்த்தி எடுத்த அந்தச் சிறு படம், கொரியப் போர் நடந்த நாட்களில் சொல்ல வேண்டியதைச் சொன்னது. ஒருவர் குடும்பத்தை மற்றவர் கொல்லும் காட்சி ஒரு காலத்தில் வெட்டி நீக்கப்பட்டு, பின்னர் மீண்டும் சேர்க்கப்பட்டது. ஒஸ்கார் பரிசு பெற்ற இப்படத்தை எத்தனை கனடியர் படமாளிகையில் விரும்பிச் சென்று பார்த்திருப்பர் என்பது ஐயமே.

கியூபெக்கின் நிலை சற்று வேறு. பிரெஞ்சு மொழி அங்கு ஒரு கேடயமாயிற்று. ஹொலிவூட்டின் மொழியையே பேசும் ஆங்கிலக் கனடியருக்கு அக்கேடயம் இல்லை. பியர் பெரோவும் மிஷேல் புரோவும் ஒரு தீவின் மீனவரோடு வாழ்ந்து, கைவிடப்பட்ட வெண்திமிங்கில வேட்டையை அவர்கள் மீட்டெடுப்பதைப் படமாக்கினர். 1963இல் அது கேன்ஸ் விழாவுக்குச் சென்றது. புரோவின் ‘லே ஓர்ட்ர்’ (1974), 1970 ஒக்ரோபரில் போர்க்காலச் சட்டத்தின் கீழ் விசாரணையின்றிச் சிறைப்பட்டோரின் அனுபவத்தைக் கூறுவது. ஆங்கிலப் பகுதியிலோ டொன் ஷெபிப் ஓர் இலட்சம் டொலருக்கும் குறைவான செலவில் ‘கோயின் டவுண் த றோட்’ (1970) எடுத்தார். கிழக்குக் கரையின் வேலையில்லா இளைஞர் இருவர் ரொறன்ரோவுக்கு வருகின்றனர். குளிர்பான ஆலையில் கூலி வேலை. பின் அதுவும் இல்லை. இறுதியில் உணவுப் பொருள் திருடுகின்றனர். செல்வந்த நாட்டின் வறுமையை இத்தனை நேர்மையாகக் காட்டிய படங்கள் மிகச் சிலவே என்போம்.

அரசின் ஆதரவை நாம் குறைகாணாது புகழ்ந்துவிடவும் கூடாது. டெனி ஆர்கான் கியூபெக் நெசவாலைத் தொழிலாளரைப் பற்றி 1970இல் முடித்த ‘ஒன் எ ஓ கொத்தோன்’ என்னும் விவரணப் படத்தை, அதனைத் தயாரித்த தேசியத் திரைப்படச் சபையே 1976 வரை பூட்டி வைத்தது. பருத்தியில் உழல்கிறோம் என்றும், சலித்து ஓய்ந்தோம் என்றும் அத்தலைப்பு இருபொருள் படும். பிரதிகள் களவாக எடுக்கப்பட்டுக் கைமாறின. படம் எடுக்கப் பணம் தருபவர் மௌனத்தையும் விலையாகக் கேட்கலாம் என்பதை ஆலை முதலாளிகள் மட்டுமா அறிவர்?

1967இல் பாராளுமன்றம் ஒரு கோடி டொலருடன் திரைப்பட அபிவிருத்திக் கூட்டுத்தாபனம் ஒன்றை நிறுவியது. எழுபதுகளின் நடுப்பகுதியில், படத்தில் முதலிடுவோருக்கு முழு வரிவிலக்கு அளிக்கப்பட்டது. பல் வைத்தியரும் வழக்கறிஞரும் படத் தயாரிப்பாளராயினர். 1979இல் மட்டும் அறுபதுக்கு மேற்பட்ட படங்கள் எடுக்கப்பட்டன. பல திரைக்கே வரவில்லை. ரொறன்ரோ வீதிகள் அமெரிக்க வீதிகளாக வேடமிட்டன. பெரும் பணம் குவித்த ‘போர்க்கீஸ்’ (1981) என்னும் கனடியத் தயாரிப்பின் கதை நடப்பதோ புளோரிடாவில்! 1987இல் அமைச்சர் புளோரா மக்டொனல்ட் விநியோகத்தைக் கனடியர் கைக்குக் கொணரச் சட்டம் இயற்ற முயன்றார். சுதந்திர வர்த்தகப் பேச்சு நடந்துகொண்டிருந்த வேளை. வாஷிங்ரனின் எதிர்ப்பின் முன் அம்முயற்சி கரைந்தது.

ஆர்க்டிக் வட்டத்துக்கு அப்பால் உள்ள இக்லூலிக் என்னும் இனுயிட் ஊர், தன் மொழியில் நிகழ்ச்சி இல்லை என்பதால் எழுபதுகளில் தொலைக்காட்சியை வாக்களித்து மறுத்தது. அவ்வூரவரான சக்கரியாஸ் குனுக், தாம் செதுக்கிய சிற்பங்களை விற்ற பணத்தில் 1981இல் ஒரு வீடியோக் கமராவை வாங்கினார். 1990இல் தோழருடன் இசுமா என்னும் கம்பனியை அமைத்தார். முழுக்க இனுயிட் மொழியில் அவர் ஆக்கிய ‘அத்தனார்யுவாற்’, 2001இல் கேன்ஸ் விழாவில் முதற்பட நெறியாளருக்குரிய பரிசைப் பெற்றது. 2015இல் ரொறன்ரோ திரைப்பட விழாவினர் விமர்சகரிடையே நடத்திய வாக்கெடுப்பில், கனடாவின் தலைசிறந்த படமாக அதுவே தெரிவாயிற்று. கேன்ஸில் அது காட்டப்படுமுன்பே இக்லூலிக் மக்கள் அதனைத் தம் ஊரில் ஒன்றுகூடிப் பார்த்துவிட்டிருந்தனர்.