புதுவையில் பார்க்க வேண்டியவை

சனி, ஞாயிறு வந்தால் நம் கடற்கரைச் சாலையில் நடக்க இடம் இருப்பதில்லை. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிற பிள்ளைகள் கைபேசியில் ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்கிறார்கள். காந்தி சிலை, பழைய கலங்கரை விளக்கம், துய்ப்ளெக்ஸ் சிலை, பாரதி பூங்கா, ஆயி மண்டபம், மணக்குள விநாயகர் கோவில், பிறகு ஏதாவது ஒரு மஞ்சள் சுவர். எல்லாவற்றுக்கும் அவர்களுக்குச் சொல்லப்படும் விளக்கம் ஏறக்குறைய ஒன்றுதான்: "முந்நூறு வருஷத்துப் பிரெஞ்சு ஊர்."

இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். பிரெஞ்சுக்காரர்கள் வந்து முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆனது உண்மை. பிரான்சுவா மர்த்தேன் இங்கே வந்து அமர்ந்தது 1674ல். ஆனால் அவர் பார்த்த ஊரும் துய்ப்ளெக்ஸ் ஆண்ட ஊரும் இன்று கண்ணுக்குத் தெரிகிற ஊர் இல்லை. வருகிறவர்கள் வியந்து பேசும் அந்த நேர்கோட்டுத் தெருக்களுக்கு முதலில் வரைபடம் போட்டவர்கள்கூட டச்சுக்காரர்கள். 1693ல் ஊரைப் பிடித்து 1699 வரை வைத்திருந்த ஆறு வருஷத்தில் அவர்கள் போட்ட திட்டத்தைத்தான் பின்னால் வந்த பிரெஞ்சுக்காரர்கள் எடுத்து வளர்த்தார்கள்.

ஊர் ஒருமுறை அடியோடு போயிற்று. 1760ல் ஆங்கிலேயப் படை சுற்றி வளைத்துக்கொண்டது. உள்ளே தானியம் தீர்ந்தது. பிரெஞ்சுத் தளபதி லாலி, சிப்பாய்களுக்காவது சோறு மிஞ்சட்டும் என்று தமிழ்க் குடிகளை ஊரைவிட்டு வெளியேற்றினார். 1761 ஜனவரி 16 அன்று ஊர் சரணடைந்தது. அதற்குச் சில நாள் முன்னால்தான் ஆனந்தரங்கப் பிள்ளை கண்ணை மூடினார். அந்த முடிவைப் பார்க்கிற துன்பம் அவருக்கு இல்லாமல் போயிற்று. பிறகு சென்னையிலிருந்த ஆங்கிலேய நிர்வாகம் கோட்டையையும் வெள்ளை நகரத்தையும் தரைமட்டமாக்கியது. 1758ல் கடலூரில் செயின்ட் டேவிட் கோட்டையை லாலி இடித்ததற்குப் பழி தீர்த்துக்கொண்டார்கள். கோட்டை, கவர்னர் மாளிகை, மாதா கோவில், வெள்ளைக்காரர் வீடுகள் எல்லாம் கல்லும் காரையுமாகக் கிடந்தன. இன்று பாரதி பூங்காவில் குழந்தைகள் ஊஞ்சலாடும் பகுதிதான் அன்று லூயி கோட்டை நின்ற இடம். கோட்டை இருந்ததற்கு அங்கே ஒரு அடையாளமும் இல்லை.

1763ல் பாரிஸ் உடன்படிக்கை ஆனது. 1765ல் ழான் லா தெ லொரிஸ்தோன் கவர்னராக வந்து, இடிபாட்டின் மேல் திரும்பக் கட்டத் தொடங்கினார். பழைய அஸ்திவாரம் கிடைத்த இடத்தில் அதன் மேலேயே சுவரை எழுப்பினார்கள். ஆளுநர் மாளிகை அந்தக் காலத்தில் எழுந்ததுதான். சம்பா கோவில் 1791ல் முடிந்தது. (செயின்ட் பால் என்ற பெயர் நம் வாயில் புகுந்து சம்பா ஆனது என்பார்கள். நெல்லுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) அதற்குப் பிறகும் 1778, 1793, 1803 என்று ஆங்கிலேயர்கள் மூன்று முறை ஊரைப் பிடித்தார்கள், கடைசியாகத் திரும்பக் கிடைத்தது 1816ல். இன்று படம் எடுக்கப்படுகிற கட்டடங்களில் பல அந்தத் தேதிக்கு இந்தப் பக்கம் வந்தவை. கலங்கரை விளக்கம் 1836 ஜூலையில் ஏற்றப்பட்டு 1979ல் ஓய்வு பெற்றது. மஞ்சள் பூசியதெல்லாம் பிரெஞ்சு வீடு இல்லை என்பதை மட்டும் சொல்லிவிட்டு மேலே போகிறேன். சாப்பாட்டுக் கடைக்காகப் போன வருஷம் பூசிய மஞ்சளும் அதில் உண்டு.

அந்தப் பழைய ஊரின் ஒரு துண்டைப் பார்க்க வேண்டுமானால் வாய்க்காலைத் தாண்டி இந்தப் பக்கம், தமிழர் பகுதிக்கு வர வேண்டும். ரங்கப்பிள்ளை தெருவில் பெரிய மார்க்கெட்டை ஒட்டி ஆனந்தரங்கப் பிள்ளை வீடு இருக்கிறது. 1730களில் கட்டியது. கீழே நம் பாணியில் மரத்தூண்கள், மேலே பிரெஞ்சுப் பாணித் தூண்கள். மீன் வாங்கப் போகிற நாம் அதைப் பார்க்காமலே கடந்து போகிறோம். சுற்றுலாப் பிள்ளைகள் அந்தத் தெருவுக்கே வருவதில்லை, வண்டி நிறுத்த இடமில்லை.

பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். எங்கள் சரித்திரப் புத்தகத்தில் துய்ப்ளெக்ஸ் பெரிய வீரர், பாரிஸ் அவரைக் கைவிட்டதால்தான் இந்தியா கைநழுவிப் போனது. பிள்ளையின் நாட்குறிப்பைப் பற்றி அந்த வகுப்பில் ஒருவரும் பேசியதில்லை. 1736லிருந்து 1761 வரை தமிழில் எழுதிய அந்தக் குறிப்புகளை 1846ல் கண்டெடுத்தவர் கலுவா மொம்ப்ரேன் என்ற பிரெஞ்சுக்காரர். ஓய்வு பெற்ற பிறகுதான் உட்கார்ந்து படிக்க எனக்குப் பொழுது கிடைத்தது. 1748 செப்டம்பர் பக்கங்களைப் படிக்கும்போது மனசு கனத்துப் போகிறது. ஆங்கிலேயக் கப்பல்கள் வெளியே நிற்கிற நேரத்தில், மாதா கோவிலை அடுத்திருந்த வேதபுரீசுவரர் கோவிலை இடிக்கிறார்கள். பல வருஷம் ஊர்க்காரர்கள் தடுத்து வைத்திருந்த காரியம், யுத்தத்தைச் சாக்கிட்டு நடந்துவிடுகிறது. கவர்னருக்கு வலது கையாக இருந்தவர் பிள்ளை. அவராலும் தடுக்க முடியவில்லை. எழுத மட்டும் முடிந்தது. இன்று நாம் கும்பிடுகிற ஈசுவரன் கோவில் வேறிடத்தில் பின்னால் எழுந்தது.

இதை மனதில் வைத்துக்கொண்டு கடற்கரைக்குப் போங்கள். துய்ப்ளெக்ஸ் சிலையை வைத்தது 1870ல், அவர் இறந்து நூறு வருஷம் கழித்து. ஊர் நடுவே கடலைப் பார்த்து நின்றவருக்குப் பீடமாகப் போட்டது செஞ்சிக் கோவிலிலிருந்து கொண்டுவந்த கற்கள். 1750ல் செஞ்சிக் கோட்டையைப் பிரெஞ்சுப் படை பிடித்து 1761 வரை வைத்திருந்தது அல்லவா, அந்தச் சமயத்து வரும்படி. கோவில் இடிந்தது யார் ஆட்சியிலோ அவரே கோவில் கல் மேல் நின்றார் என்பதை 1870ல் யாராவது யோசித்தார்களா தெரியாது. விடுதலைக்குப் பிறகு அவரை இடம் மாற்றித் தெற்குக் கோடியில் பூங்காவுக்குள் நிறுத்தினார்கள். செஞ்சித் தூண்கள் எட்டு இப்போது காந்தி சிலையைச் சுற்றி நிற்கின்றன. அவற்றில் சாய்ந்துகொண்டு தினமும் எத்தனையோ பேர் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அருகில் போய்ச் சிற்ப வேலையைப் பாருங்கள், நாயக்கர் காலத்துக் கை. செஞ்சி வெங்கடரமணர் கோவிலில் இதே ஜாதித் தூண்கள் இருக்கின்றன, போகிறவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கலாம். சிலைக்குப் பின்னால் கடலில் நீட்டிக்கொண்டிருந்த இரும்புக் கம்பங்கள் 1866ல் போட்ட பழைய பாலத்தின் மிச்சம். 1952 புயல் அதைக் கொண்டுபோனது. தெற்கே பின்னால் கட்டிய துறைமுகப் பாலமும் 2022 மார்ச்சில் ஒரு பகுதி சரிந்துவிட்டது.

யானையைப் பற்றியும் ஒரு வரி சொல்ல வேண்டும். மணக்குள விநாயகர் கோவில் லட்சுமி 2022 நவம்பர் 30 காலையில் நடைப்பயிற்சியில் விழுந்து இறந்ததும், அன்று ஊரே திரண்டதும் நமக்குத் தெரியும். வெளியூர்க்காரர்கள் இன்னும் கோவில் வாசலில் "யானை எங்கே?" என்று கேட்கிறார்கள்.

என்னைக் கேட்டால் வருகிறவர்களை முதலில் ஆயி மண்டபத்துக்குக் கூட்டிப்போவேன். ஊரின் அடையாளம் என்று எங்கு பார்த்தாலும் அதன் படத்தைத்தான் போடுகிறார்கள். ஆயி யார் என்று கேட்டால் பதில் வருவதில்லை. கதை நீங்கள் சிறு வயதில் கேட்டதுதான். கிருஷ்ணதேவராயர் இந்தப் பக்கம் வந்தபோது, மாலை நேரத்தில் விளக்குகள் ஜொலிக்கும் ஒரு கட்டடத்தைக் கோவில் என்று எண்ணிக் கைகூப்பினார். அது ஆயி என்ற தாசியின் மாளிகை என்று சுற்றி நின்றவர்கள் சொல்ல, அரசருக்குக் கோபம் வந்து, இடிக்கச் சொல்லிவிட்டார். நானே இடித்துக்கொள்கிறேன் என்று அவகாசம் கேட்ட ஆயி, மாளிகையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டினாள். முத்திரையர்பாளையத்தில் இருப்பது அதுதான் என்பார்கள். கல்வெட்டு ஆதாரம் கேட்கிறவர்களுக்கு இது வாய்வழிக் கதைதான். ஆனால் அடுத்த பகுதி கதை இல்லை.

வெள்ளை நகரத்துக் கிணறுகள் கடலை ஒட்டியவை, தண்ணீர் வாயில் வைக்க விளங்காது. கடலோரத்தில் பங்களா கட்டியவர்களுக்குக் குடிக்க நீர் இல்லை. மூன்றாம் நெப்போலியன் சக்கரவர்த்தியாக இருந்த காலத்தில், லமெரேஸ் என்ற தலைமை எஞ்சினியர் மேற்கே ஐந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கிற முத்திரையர்பாளையத்து நல்ல நீரை வாய்க்கால் வழியே பூங்கா வரை கொண்டுவந்து சேர்த்தார். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அந்தக் குளத்துக்கு ஏன் அந்தப் பெயர் என்று பாரிஸ் வரை சேதி போய், சக்கரவர்த்தி அந்தப் பெண்ணின் பெயரில் மண்டபம் கட்டச் சொன்னார் என்பது ஊர் வழக்கு. இந்த லமெரேஸ் எஞ்சினியர் மட்டுமில்லை. தமிழ் படித்தவர். 1867ல் குறளைப் பிரெஞ்சில் தந்தவர்களில் ஒருவர். கடவுள் வாழ்த்தை அடுத்து வள்ளுவர் மழையை வைத்திருப்பதைப் படித்த எஞ்சினியர்தான் நமக்குக் குழாய் போட்டார் என்று நினைத்துக்கொள்ள எனக்குப் பிடிக்கும். அவர் பெயரைச் சொல்லும் வழிகாட்டியை நான் இன்னும் சந்திக்கவில்லை.

தாசி என்ற சொல்லைச் சொல்லக் கூச்சப்பட்டுச் சிலர் "ஒரு பெண்மணி" என்று கதையை மழுப்பிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் கதையில் என்ன மிஞ்சுகிறது? அரசர் எதற்காகக் கோபப்பட்டார் என்பதே விளங்காமல் போய்விடும். கும்பிட்ட கையை இழுத்துக்கொண்ட அரசரையும், இடித்த இடத்தில் தண்ணீர் எடுத்துக் கொடுத்த தாசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் நம் பாட்டிமார்கள் சொன்னார்கள். இன்று கடலோரத் தெருக்களில் ஆழ்துளைக் கிணறு போட்டால் உப்புத்தான் வருகிறது. வார இறுதி விடுதிகள் பெருகப் பெருக மேற்கேயிருந்து வருகிற தண்ணீரைத்தான் இன்னும் உறிஞ்சுகிறோம். மண்டபத்தின் முன் நின்று படம் எடுக்கிற பிள்ளைக்கு, தன் கையிலிருக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் அந்த வெள்ளைக் கட்டடத்துக்கும் உறவு உண்டு என்று ஒரு பலகை வைத்துச் சொன்னால் என்ன?

நம் மேரி கட்டடத்தின் கதை புதிது, எல்லோரும் பார்த்தோம். 1870, 71ல் கட்டியது. நம்மில் பலருடைய பிறப்பும் கல்யாணமும் அங்கேதான் பதிவாயின. பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர்களுக்கு அந்த எத்தா சிவில் ஏடுகள் உயிருக்குச் சமம். பழுது பார்க்க வேண்டும், பார்க்க வேண்டும் என்று கோப்புகள் நடந்துகொண்டே இருந்தன. அரசு அலுவலகத்தில் கோப்பு எப்படி நடக்கும் என்று எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2014 நவம்பர் 29 அன்று மழையில் கட்டடம் உட்கார்ந்துவிட்டது. பிறகு பழைய உருவத்திலேயே திரும்பக் கட்டி 2021ல் திறந்தார்கள். நன்றாகவே கட்டியிருக்கிறார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் அதன் முன் நின்று "நூற்றைம்பது வருஷம்" என்று வழிகாட்டி சொல்லும்போது, உள்ளே கான்கிரீட் காய்ந்து எத்தனை வருஷம் ஆகிறது என்று கேட்கத் தோன்றுகிறது. ழான் லா செய்ததைத்தான் நாமும் செய்திருக்கிறோம். அவருக்காவது இடித்தவன் எதிரி.

கடைசியாக, எந்தப் பட்டியலிலும் இல்லாத ஓர் இடம். வில்லியனூர் தாண்டிக் கீழூர். 1954 அக்டோபர் 18 அன்று, சட்டசபை உறுப்பினர்களும் நகரசபை, கொம்யூன் உறுப்பினர்களுமாக 178 பேர் அங்கே கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு சேர 170 பேர், வேண்டாம் என்று 8 பேர். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. சட்டப்படி முழுதாக முடிய 1962 ஆகஸ்ட் 16 வரை ஆயிற்று. கல்லும் தூணும் பெரிதாக இல்லாத இடம், படத்துக்கு எடுப்பாக இருக்காது. ஆனால் கடற்கரையில் நாம் காட்டுகிற ஒவ்வொன்றும் யாரோ பிடித்ததும் இடித்ததும் கொண்டுவந்ததுமாக இருக்க, துப்பாக்கி இல்லாமல் கையெழுத்தாலும் வாக்குச்சீட்டாலும் காரியம் நடந்த இடம் அது ஒன்றுதான்.

போன வாரம் என் தங்கை பேரன் சென்னையிலிருந்து நண்பர்கள் நாலு பேரோடு வந்திருந்தான். கீழூர் போகலாம் என்றேன். "அங்க கடல் இருக்கா தாத்தா?" என்று கேட்டான் ஒரு பையன். கடல் இல்லை, வழியில் வில்லியனூரில் திருக்காமீசுவரர் கோவில் இருக்கிறது, மாதா கோவில் இருக்கிறது, இரண்டையும் பார்த்துவிட்டுச் சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பிவிடலாம் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார்கள்.