கிரேக்க எழுத்துச் சகோதரர்களும் நம் விடுதி அண்ணன்களும்

மலர்க் குழுவிலிருந்து தம்பி ஒருவர் போன் செய்தார். "அண்ணே, விடுதி நினைவுகள்னு ரெண்டு மூணு பக்கம் எழுதிக் கொடுங்க. மெஸ் சாம்பார், செகண்ட் ஷோ, சுவர் ஏறிக் குதிச்சது... இந்த மாதிரி" என்றார். அதையெல்லாம் ஒவ்வொரு மலரிலும் யாராவது எழுதிவிடுகிறோம். சாம்பாரில் பருப்பைத் தேடிய கதை நம் எல்லோருக்கும் மனப்பாடம். "இந்தத் தடவை கொஞ்சம் சரித்திரம் எழுதுகிறேன் தம்பி" என்றேன். எதிர்முனையில் சத்தமே இல்லை. ஆனாலும் பெரிய மனசு பண்ணிச் சம்மதித்துவிட்டார்.

சரித்திரம் என்றதும் நீங்களும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அமெரிக்கா வரை போய்விட்டுக் கடைசியில் நம் விடுதி வாசலுக்கே வந்து சேருவேன். எனக்கு அங்கே ஒரு பழைய கடன் இருக்கிறது.

கணக்கு வாத்தியார்கள் தெரு

நான் 1981-இல் இங்கே முதலாண்டு சேர்ந்தவன். 1985-இல் பட்டம் வாங்கிய கையோடு மேற்படிப்புக்கு அமெரிக்கா போனேன். பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்துத் தெருவில் வாடகைக்கு அறை கிடைத்தது. தெரு முழுக்கப் பெரிய பெரிய வீடுகள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் சிக்மா, டெல்டா, தீட்டா என்று இரண்டு மூன்று கிரேக்க எழுத்துகள். எஞ்சினீயரிங் படித்த புத்தி எங்கே போகும்? 'அட, கணக்கு வாத்தியார்கள் குடியிருப்பு போலிருக்கே' என்று நினைத்துக்கொண்டேன். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அந்த வீடுகளிலிருந்து வந்த பாட்டுச் சத்தம்தான் என் சந்தேகத்தைத் தீர்த்து வைத்தது.

அவை 'ஃபிராட்டர்னிட்டி' வீடுகள். லத்தீனில் 'ஃபிராட்டர்' என்றால் சகோதரன். வடமொழியின் 'பிராதா'வுக்கு உறவுக்காரச் சொல். மாணவர்களே சேர்ந்து நடத்தும் சகோதர சங்கம், அதற்கு ஒரு வீடு, ஒரு சமையல்கட்டு. சேர்ந்தவன் ஆயுள் முழுக்க உறுப்பினன். கல்லூரியை விட்டுப் போனாலும் சங்கத்தை விட்டுப் போவதில்லை.

இது எப்போது, எப்படி வந்தது என்று நூலகத்தில் தேடிப் படித்தேன். அன்றிலிருந்து இன்றுவரை இந்த விஷயம் கண்ணில் பட்டால் விடுவதில்லை.

ஐந்து பேர் போட்ட விதை

1776 டிசம்பர் 5. அமெரிக்கா சுதந்திரப் பிரகடனம் செய்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. வர்ஜீனியாவில் வில்லியம்ஸ்பர்க் என்ற ஊரில், வில்லியம் அண்ட் மேரி கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர் 'ஃபை பீட்டா காப்பா' என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். மூன்று கிரேக்கச் சொற்களின் முதலெழுத்துகள் அவை. 'அறிவின்மேல் உள்ள அன்பே வாழ்வுக்கு வழிகாட்டி' என்பது பொருள். மனம்விட்டு விவாதிக்க ஓர் இடம் வேண்டும் என்பதுதான் நோக்கம். அதற்கு ரகசியம், ரகசியக் கைகுலுக்கல், சேரும்போது சத்தியம் எல்லாம் வைத்துக்கொண்டார்கள். பின்னாளில், 1831-இல், ஹார்வர்ட் கிளை ரகசியத்தைக் கைவிட்டது. நன்றாகப் படிப்பவர்களைக் கௌரவிக்கும் சங்கமாக அது மாறிப்போனது. ஆனால் அவர்கள் போட்ட விதை வேறிடத்தில் முளைத்தது.

நியூயார்க் மாநிலத்தில் ஸ்கெனெக்டடி என்ற ஊரின் யூனியன் கல்லூரியில் 1825-இல் காப்பா ஆல்ஃபாவும், 1827-இல் சிக்மா ஃபை, டெல்டா ஃபை என்ற இரண்டும் தோன்றின. இன்று நாம் பார்க்கும் சகோதர சங்கங்களுக்கு இவைதான் முன்னோடி. பெண்களும் சும்மா இருக்கவில்லை. 1870-இல் இந்தியானா மாநிலத்தில் காப்பா ஆல்ஃபா தீட்டா பிறந்தது. 1874-இல் சிராக்யூஸில் இன்னொரு பெண்கள் சங்கம் தொடங்கியபோது, அங்கிருந்த லத்தீன் பேராசிரியர் ஒருவர், சகோதரியைக் குறிக்கும் 'சொரோர்' என்ற வேர்ச்சொல்லிலிருந்து 'சொரொரிட்டி' என்ற பெயரை உண்டாக்கிக் கொடுத்தார்.

பெண் பார்க்கும் படலம்

புது ஆள் எடுப்பதை 'ரஷ்' என்கிறார்கள். கிட்டத்தட்ட நம் ஊர்ப் பெண் பார்க்கும் படலம்தான், பஜ்ஜி சொஜ்ஜி மட்டும் இல்லை. முதலாண்டு மாணவர்கள் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள். சீனியர்கள் சிரித்துப் பேசுவார்கள். பையன் எந்த ஊர், அப்பா என்ன வேலை, அவரும் இதே சங்கத்தில் இருந்தவரா என்பதெல்லாம் பேச்சோடு பேச்சாக வந்துவிடும். ராத்திரி உள்ளே உட்கார்ந்து ஓட்டுப் போடுவார்கள். அந்தக் காலத்தில் ஒரு பெட்டிக்குள் வெள்ளைக் குண்டு அல்லது கறுப்புக் குண்டு போடுகிற வழக்கம். பல சங்கங்களில் ஒரே ஒரு கறுப்புக் குண்டு விழுந்தாலும் பையனுக்கு இடமில்லை.

தேறியவனுக்கு 'பிட்' என்ற அழைப்பு வரும். அதை ஏற்றுக்கொண்டால் அவன் 'பிளெட்ஜ்'. அதாவது வாக்குக் கொடுத்தவன், ஆனால் இன்னும் சகோதரன் ஆகாதவன். அந்த இடைப்பட்ட சில வாரங்களில்தான் எல்லா வில்லங்கமும்.

அதைச் சொல்லுமுன் நல்லதையும் சொல்லிவிடுகிறேன். அந்த வீடுகள் பலவற்றைச் சொந்தமாக வைத்திருப்பதும் பராமரிப்பதும் பழைய உறுப்பினர்கள் அமைத்த அறக்கட்டளைகளும் நிறுவனங்களும்தான். கூரை ஒழுகினால் காசு அவர்களிடமிருந்து வரும். வேலை தேடும்போதும் அப்படியே. என்னோடு ஆய்வகத்தில் இருந்த ஒரு பையனை நேர்முகத் தேர்வில் கேள்வி கேட்டவர், அவன் விண்ணப்பத்தில் சங்கத்தின் பெயரைப் பார்த்ததும் எழுந்து வந்து கைகொடுத்தாராம். வேலையும் கிடைத்தது. எனக்கு வயிற்றெரிச்சல்தான், மறைப்பானேன்!

கதவு மூடியவர்களும் கதவு கட்டியவர்களும்

சேர்த்துக்கொள்ள ஒரு வாசல் இருந்தால், வெளியே நிறுத்தவும் அதே வாசல்தான். கறுப்பின மாணவர்களுக்கும் யூதர்களுக்கும் பல சங்கங்கள் நெடுங்காலம் கதவைத் திறக்கவில்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய கறுப்பின மாணவர்கள் இருந்த காலம். அவர்களில் சிலர் சேர்ந்து படிக்கவும் ஒருவருக்கொருவர் துணையாக இருக்கவும் ஒரு சிறு குழு வைத்திருந்தார்கள். அதிலிருந்து 1906 டிசம்பர் 4-இல் ஏழு பேர் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா சங்கத்தை நிறுவினார்கள். மார்ட்டின் லூதர் கிங் அதில் உறுப்பினர். கிங் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, வாஷிங்டனில் அவருக்கு நினைவுச் சின்னம் வேண்டும் என்று முன்மொழிந்து, விடாமல் முயன்று, 2011-இல் அது திறக்கப்படுவதற்குக் காரணமாக இருந்ததும் அந்தச் சங்கம்தான். பழைய மாணவர் சங்கம் என்றால் இதுவல்லவோ!

1908-இல் ஹோவார்ட் பல்கலைக்கழகத்தில் கறுப்பினப் பெண்கள் ஆல்ஃபா காப்பா ஆல்ஃபாவைத் தொடங்கினார்கள். 1986-இல் அதில் சேர்ந்த மாணவி ஒருவர் 2021 முதல் 2025 வரை அமெரிக்கத் துணை ஜனாதிபதியாக இருந்தார். கமலா ஹாரிஸ். அவருடைய அம்மா சியாமளா கோபாலன் நம் சென்னையில் பிறந்தவர். நம்மவர் பிள்ளைகளும் பின்னாளில் தனியாகச் சங்கம் வைத்தார்கள். 1994-இல் பிங்ஹாம்ட்டனில் தொடங்கிய அயோட்டா நியூ டெல்டா தெற்காசிய மாணவர்களுக்காக எழுந்தது.

பனியில் நின்றவர்கள்

1986 பிப்ரவரி. ஆய்வகத்தில் வேலை முடித்து நள்ளிரவில் அறைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். காது மடல் கழன்று விழுந்துவிடும் போன்ற குளிர். எதிர் வீட்டுப் புல்வெளியில், கணுக்கால் அளவு பனியில், ஏழெட்டுப் பையன்கள் வெறுங்காலோடு, பனியன் மட்டும் போட்டுக்கொண்டு வரிசையாக நின்றார்கள். தலை குனிந்திருந்தது. தாழ்வாரத்தில் போர்வை போர்த்திய சீனியர்கள் ஏதோ கேட்க, இவர்கள் ஒரே குரலில் பதில் கத்தினார்கள். ஒரு பையனின் முழங்கால் வெடவெடவென்று ஆடியது. சீனியர்கள் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரிந்த சிரிப்பு. அதை நான் சிரித்திருக்கிறேன். அதை அப்புறம் சொல்கிறேன்.

இதற்கு அங்கே 'ஹேசிங்' என்று பெயர். பழைய வியாதி. 1873 அக்டோபரில் கார்னெலில் மார்ட்டிமர் லெகெட் என்ற மாணவன், காப்பா ஆல்ஃபாவில் சேரும் சடங்குக்காகக் கண்ணைக் கட்டி ராத்திரியில் அழைத்துச் செல்லப்பட்டு, செங்குத்தான பள்ளத்தாக்கில் விழுந்து இறந்தான். 1894-இல் நியூயார்க் மாநிலம் ஹேசிங்கைத் தடைசெய்து சட்டம் போட்டது. சட்டம் வந்தும் சாவு நிற்கவில்லை. 2017 பிப்ரவரியில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் டிமோத்தி பியாட்ஸா என்ற 19 வயதுப் பையனுக்கு, சங்க வீட்டில் அளவில்லாமல் மது கொடுத்தார்கள். மாடிப்படியில் விழுந்து அடிபட்ட அவனை மணிக்கணக்கில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் போட்டுவைத்தார்கள். சுற்றிலும் இருந்தது அத்தனையும் 'சகோதரர்கள்'. 2018-இல் அந்த மாநிலம் கடுமையான சட்டம் கொண்டுவந்து அவன் பெயரையே அதற்கு வைத்தது. 2024 டிசம்பரில் நாடு முழுவதற்கும் ஒரு சட்டம் வந்தது. ஹேசிங் சம்பவங்களைக் கல்லூரிகள் வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும் என்கிறது அது. சங்கங்களும் தாமாகச் சில முயற்சிகள் எடுத்தன. சிக்மா ஆல்ஃபா எப்சிலான் என்ற பெரிய சங்கம் 2014-இல் 'பிளெட்ஜ்' காலத்தையே ஒழித்துவிட்டது. வாக்குக் கொடுத்தவன், சகோதரன் என்ற இரண்டு படி அப்போது இல்லாமல் போனது. அழைப்பை ஏற்றவனுக்குக் காத்திருப்பு வாரங்களே கிடையாது என்று அறிவித்தது.

ஏன் இது தொடர்கிறது? நம் வீடுகளில் பார்த்ததுதான். மருமகளாக இருந்து பட்டதையெல்லாம் மாமியாரானதும் வட்டியோடு திருப்பிக் கொடுப்பதில்லையா? "நான் பட்டேன், நீயும் படு. அப்பத்தான் நம்மள்ல ஒருத்தன்" என்கிற நினைப்பு. பழைய உறுப்பினர்கள் சங்கத்துக்கு வரும்போது, "எங்க காலத்துல இதைவிட மோசம்" என்று பெருமையாகச் சொல்லுகிற ஒரு வரி போதும். அந்த வருஷத்துப் பையன்களுக்கு அதுவே உத்தரவு. வீட்டைக் காப்பாற்றுகிற அதே பழைய மாணவர்தான் அந்த வீட்டின் நோயையும் காப்பாற்றுகிறார்.

நம் விடுதியில் ஒரு இரவு

இப்போது என் கடன். 1982. நான் இரண்டாமாண்டு. முதலாண்டில் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. இப்போது என் முறை. அந்த வருஷம் வந்த பையன்களில் ஒருவன் தென்கோடிக் கிராமத்திலிருந்து ட்ரங்க் பெட்டியும், அம்மா சுட்டுக் கொடுத்த முறுக்கு டின்னுமாக வந்தான். முதல் இரவே அவனை எங்கள் அறைக்குக் கூப்பிட்டோம். கட்டிலின்மேல் நிற்க வைத்தோம். அவன் பேச்சு வழக்கைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். முறுக்கைத் தின்றுகொண்டே சிரித்தோம். பிறகு வாளியைத் தலையில் சுமந்து விடுதியை மூன்று சுற்று வரச் சொன்னது நான்தான். வேறு யாருமில்லை.

பத்தாம் நாள் அவன் அப்பா வேட்டி சட்டையோடு வந்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு இருவரும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போனார்கள். அவர் எங்களைப் பார்த்து ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லவில்லை. "வர்றோம் தம்பி" என்றார். முறுக்கு டின் எங்கள் அறையிலேயே கிடந்தது. வருஷ முடிவு வரை அதில் ஷேவிங் சாமான் போட்டு வைத்திருந்தேன்.

நம் தமிழ்நாட்டிலும் சட்டம் வர ஓர் உயிர் போக வேண்டியிருந்தது. 1996 நவம்பரில் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டார். 1997-இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டு வருஷம் வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். அந்த வழக்கில் சீனியர் மாணவர் ஒருவருக்கு விசாரணை நீதிமன்றம் விதித்த ஆயுள் தண்டனையை, இடையில் உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தும், 2011-இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் நிலைநிறுத்தியது. உச்ச நீதிமன்றம் அமைத்த ராகவன் குழு 2007-இல் அறிக்கை தந்தது. 2009-இல் பல்கலைக்கழக மானியக் குழு நாடு முழுவதற்கும் விதிமுறை கொண்டுவந்தது. இன்றைய தம்பி தங்கைகள் பெற்றோரோடு சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறீர்களே உறுதிமொழிப் பத்திரம், அது இப்படி வந்ததுதான்.

சட்டம் வேண்டியதுதான். ஆனால் சட்டம் 'செய்யாதே' என்று மட்டுமே சொல்லும். முதல் நாள் இரவு அழுகையை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பையனிடம் "சாப்பிட்டியாப்பா?" என்று அது கேட்காது. அதைக் கேட்க ஆள் வேண்டும். துணையில்லாத மாணவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகப் போட்ட சங்கம் நூறு வருஷம் கழித்து நினைவுச் சின்னமே எழுப்பியது. பனியில் நிற்க வைத்துத்தான் சகோதரன் ஆக்க வேண்டும் என்பதில்லை.

இந்த மலரின் பின்பக்கங்களில் நம் முகவரிப் பட்டியல் இருக்கிறது. அந்தத் தம்பியின் பெயர் அதில் இல்லை. பத்து நாள் படித்தவன் எப்படிப் பழைய மாணவன் ஆவான் என்று கேட்கலாம். அவன் போனதற்கு யார் காரணம் என்று எனக்குத் தெரியும். அதனால் கேட்கிறேன்: எந்தக் கை வழியாகவாவது இந்தப் பக்கம் உங்களிடம் வந்தால், தம்பி, அந்த வாளிக்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்க ஒருவன் இருக்கிறான். சங்க அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதுங்கள்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு முதலாண்டுப் பிள்ளைகள் விடுதிக்கு வரும் நாளில் நான் காலையிலேயே வாசலில் இருப்பேன். வார்டனிடம் அனுமதி வாங்கியாகிவிட்டது. எனக்கு முட்டி வலி, பெட்டிகளை மாடி ஏற்ற முடியாது. நம்மில் இளையவர்கள் நாலு பேர் வந்தால் நன்றாயிருக்கும். வரும்போது கொஞ்சம் முறுக்கும் வாங்கி வாருங்கள்.