கொழுந்திலிருந்து செந்நிறச் சாயம் வரை: தேயிலைப் பல்பகுதியங்களின் ஆய்வு வரலாறு

மலையகத் தோட்டங்களில் பறிக்கப்படும் பச்சைக் கொழுந்து கறுப்புத் தேயிலையாக மாறுவது, இறுக்கமான வளைய அமைப்புடைய சிறு மூலக்கூறுகள் ஒட்சியேற்றத்தால் ஒன்றோடொன்று இணைவதன் விளைவாகும். இந்த இணைவை விளங்கிக்கொள்ள ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஆய்வுகள் நடந்துவருகின்றன. அவற்றில் தலவாக்கலைக்குத் தனி இடம் உண்டு.

இளங்கொழுந்தின் உலர் நிறையில் ஏறத்தாழக் கால் பங்கு கட்டெச்சின்கள் எனும் பல்பீனோல்கள். பச்சைத் தேயிலையிலிருந்து கட்டெச்சினை 1929இல் பிரித்தெடுத்தவர் ஜப்பானிய அறிஞர் மிச்சியோ சுஜிமுரா. கொழுந்தில் மிகுதியாகக் காணப்படும் எபிகலோகட்டெச்சின் கலேற்றின் மூலக்கூற்று நிறை 458. அதன் அரோமற்றிக் வளையங்களில் எட்டு ஐதரொட்சில் கூட்டங்கள் உள்ளன. வளையங்கள் எளிதில் வளைந்துகொடுப்பதில்லை; தாக்கம் நிகழக்கூடிய இடங்களோ பல. எனவே இணைவு ஒரே திசையில் நீளாமல் கிளைவிடுகிறது.

இந்த மாற்றத்துக்கு நுண்ணுயிர்களே காரணம் என்ற கருத்து தொடக்கத்தில் நிலவியது. இலையிலுள்ள நொதியமே அதை நிகழ்த்துகிறது என்று 1901இல் இந்தியாவில் ஹெரல்ட் மான் எடுத்துக்காட்டினார். இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925இல் நிறுவப்பட்டு, பின்னர் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்டது. அங்கு ஜே. லாம்ப், எச். பி. ஸ்ரீரங்காச்சார் ஆகியோர் இலங்கைத் தேயிலையில் நொதித்தல் எனப்படும் இந்த மாற்றம் பற்றி மேற்கொண்ட தொடர் ஆய்வுகள் 1940களின் தொடக்கத்தில் வெளிவந்தன. கட்டெச்சின்களை ஒட்சியேற்றுவது செம்பு கொண்ட பல்பீனோல் ஒட்சிடேசு என்ற முடிவுக்கு அவை வலுச் சேர்த்தன.

தொழிற்சாலையின் ஒவ்வொரு படிக்கும் இதனால் இரசாயன விளக்கம் கிடைத்தது. உயிருள்ள இலையில் கட்டெச்சின்களும் நொதியமும் கலத்தின் வெவ்வேறு பகுதிகளில் இருக்கின்றன. வாட்டிய கொழுந்து ரோலரில் உருளும்போது கலங்கள் சிதைந்து இரண்டும் கலக்கின்றன. காற்றிலுள்ள ஒட்சிசன் சேர்ந்ததும் தாக்கம் தொடங்குகிறது. உலர்த்தியின் வெப்பம் நொதியத்தைச் செயலிழக்கச் செய்து அதை நிறுத்துகிறது.

விளைபொருள்களை 1950களின் பிற்பகுதியில் ஈ. ஏ. எச். ராபர்ட்ஸ் இரு பெரும் பிரிவுகளாக வகுத்தார். பொன்னிறம் கலந்த செம்மஞ்சள் நிறமுடையவை தியாபிளேவின்கள். செம்பழுப்பு நிறமுடையவை தியாருபிஜின்கள். இரு ஐதரொட்சில் கொண்ட வளையமும் மூன்று ஐதரொட்சில் கொண்ட வளையமும் இணைந்து, ஒரு காபன் அணுவை இழந்து, பென்சோத்துரோப்பலோன் வளையமாவதால் தியாபிளேவின் உருவாகிறது. இந்தக் கட்டமைப்பு 1960களின் நடுப்பகுதியில் ஜப்பானிய, பிரித்தானிய ஆய்வுகளால் தெளிவானது. அதே பத்தாண்டில் தலவாக்கலையில் பணியாற்றிய ஜி. டபிள்யூ. சாண்டர்சன், தேயிலை இனத்துக்கும் காலநிலைக்கும் ஏற்பக் கொழுந்தின் இரசாயன அமைப்பு எவ்வாறு மாறுகிறது என்பதை ஆராய்ந்தார்.

தியாருபிஜின்கள் அவ்வளவு எளிதில் பிடிபடவில்லை. கறுப்புத் தேயிலையில் தியாபிளேவின்களைவிடப் பன்மடங்கு மிகுதியாக இருந்தும், அவற்றைத் தூய சேர்வைகளாகப் பிரிக்க முடியவில்லை. மூலக்கூற்று நிறை 700 முதல் 40,000 வரை எனப் பழைய மதிப்பீடுகள் கூறின. ஜேர்மனியின் பிரேமன் நகரில் நிக்கொலாய் கூனெர்ட்டின் குழு 2010இல் வெளியிட்ட திணிவு நிறமாலை ஆய்வுகள், அவை ஆயிரக்கணக்கான சிறு சேர்வைகளின் கலவை எனக் காட்டின. இருபகுதியங்களும் முப்பகுதியங்களும் மேலும் மேலும் ஒட்சியேறிப் பல்கிப் பெருகுகின்றன என்பது அக்குழுவின் கருதுகோள்.

ஆய்வுகூடத்தில் உருவாக்கப்படும் கிளைப் பல்பகுதியங்களுடன் இதை ஒப்பிடலாம். பல தாக்க இடங்களுடைய ஒருபகுதியங்கள் கிளைவிடும் முறையை 1952இல் போல் புளோரி கணித வழியில் விளக்கினார். 1990இல் கிரெய்க் ஹோக்கரும் ஜோன் பிரெஷேயும் ஈரைதரொட்சில் அரோமற்றிக் சேர்வையைக் கொண்டு, ஒவ்வொரு தலைமுறைக் கிளையையும் தனித்தனிப் படியாகக் கட்டி, ஒரே அளவான மூலக்கூறுகளைப் பெற்றனர். தேயிலையில் அத்தகைய படிக்கட்டுப்பாடு இல்லை. எல்லாத் தாக்கங்களும் ஒருங்கே நிகழ்கின்றன. நேரமும் வெப்பநிலையும் காற்றோட்டமுமே அங்குள்ள கட்டுப்பாடுகள்.

அவற்றின் விளைவைச் சாயத்தில் காணலாம். தியாபிளேவின்கள் பளபளப்பையும் சுறுசுறுப்பான சுவையையும் தருகின்றன. தியாருபிஜின்கள் நிறத்தையும் கனத்தையும் தருகின்றன. நொதித்தல் நீண்டாலோ வெப்பநிலை உயர்ந்தாலோ முன்னவை குறைந்து பின்னவை கூடுகின்றன; தேநீர் மங்குகிறது. இவ்விரு பிரிவுகளும் உமிழ்நீர்ப் புரதங்களுடன் பிணைவதே துவர்ப்பு. பால் சேரும்போது கேசீன் புரதத்துடன் பிணைவதால் துவர்ப்புத் தணிகிறது. கடுஞ்சாயம் ஆறும்போது இவை கஃபீனுடன் சேர்ந்து கலங்கலாகப் படிகின்றன.

முற்றிய இலையில் கட்டெச்சின் குறைவு. மூலப்பொருள் குன்றினால் ரோலரோ உலர்த்தியோ அதை ஈடுசெய்ய முடியாது. எனவே இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகத் தேர்ந்து பறிக்கும் கையே இந்த இரசாயனத்தின் முதற்படியை நிறைவேற்றுகிறது. நுவரெலியா, ஹட்டன் தோட்டங்களின் கொழுந்து பறிக்கும் பெண்களுடைய இத்திறன், தேயிலை ஆய்வு வரலாற்றில் அறிஞர்களின் பெயர்களோடு சேர்த்து எழுதப்பட வேண்டியது.