மூன்றாவது செட் எங்கே போனது?



2007-ல் எனக்கு 17 வயது. ராஸ் அல் கைமாவிலிருந்து துபாயில் நடந்த ஒரு டென்னிஸ் போட்டிக்கு அப்பா காரில் கூட்டிப் போனார். முதல் இரண்டு சுற்றுகளிலும் மூன்று முழு செட் ஆட்டம். அரையிறுதியில் ஆளுக்கு ஒரு செட் எடுத்து நின்றபோது, போட்டி நடத்தியவர் வந்து சொன்னார்: "நேரமாயிடுச்சு. மூணாவது செட் கிடையாது, 10 புள்ளி டைபிரேக் மட்டும்." 10-8 என்று தோற்றேன். திரும்பும் வழியில் அப்பா ஒன்றுதான் சொன்னார்: "தோத்தது பரவாயில்லடா. ஆனா அதை முதல்லயே சொல்லியிருக்கணும்."

அதே ஆண்டு மே மாதம், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், கல்லூரி மாணவர்களுக்கான என்.சி.ஏ.ஏ. ஒற்றையர் இறுதி ஆட்டம் நடந்தது. ஒரு பக்கம் சொந்த ஊர் ரசிகர்களின் ஆதரவோடு ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் ஜான் இஸ்னர். உயரம் 6 அடி 10 அங்குலம். மறுபக்கம் சென்னையில் வளர்ந்து வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்கு ஆடிய சோம்தேவ் தேவ்வர்மன். 7-6, 4-6, 7-6 என்று சோம்தேவ் வென்றார். இரண்டாவது செட்டை இழந்தவருக்கு, மூச்சு வாங்கிக்கொண்டு எழுந்து நிற்க ஒரு முழு செட் இருந்தது. 2008-லும் அந்தப் பட்டம் அவருக்கே.

அதற்குப் பிறகு கல்லூரி டென்னிஸின் கணக்கு மாறத் தொடங்கியது. மூன்றாவது செட்டுக்குப் பதில் 10 புள்ளி டைபிரேக் வைக்கலாம் என்று 2012-ல் ஒரு திட்டம் வந்தது. மாணவர்களும் பயிற்சியாளர்களும் எதிர்த்தார்கள்; திட்டம் கைவிடப்பட்டது. 2015-ல் வேறு மாற்றங்கள் வந்தன. இரட்டையர் ஆட்டம் 8 கேமிலிருந்து 6 கேமாகச் சுருங்கியது. 40-40 வந்தால் அட்வான்டேஜ் கிடையாது; அடுத்த ஒரே புள்ளியில் கேம் முடிந்துவிடும்.

காரணம் இல்லாமல் இல்லை. கல்லூரி அணிகள் மோதும்போது மூன்று இரட்டையர் ஆட்டங்கள், பிறகு ஆறு ஒற்றையர் ஆட்டங்கள். பல மணி நேரம் இழுக்கும். பார்க்க வருபவர்களும் தொலைக்காட்சியும் அவ்வளவு நேரம் காத்திருக்க மாட்டார்கள்.

ஆனால் அந்த மாணவர் கோடை விடுமுறையில் தொழில்முறை ஒற்றையர் போட்டிக்குப் போனால் அங்கே அட்வான்டேஜ் உண்டு. ஒரே கை, ஒரே ராக்கெட், இரண்டு கணக்கு. 40-40-ல் பொறுமையாகப் பந்தைத் திருப்பும் பழக்கம் ஓரிடத்தில் பலம். இன்னோரிடத்தில் அதைக் காட்ட ஒரே ஒரு புள்ளிதான் கிடைக்கும்.

பெரியவர்களின் உலகமும் இதே குழப்பத்தில்தான் இருந்தது. 1970-ல் அமெரிக்க ஓபன் டைபிரேக்கைக் கொண்டுவந்தது. விம்பிள்டன் அடுத்த ஆண்டே ஏற்றது, ஆனால் கடைசி செட்டுக்கு மட்டும் இல்லை. அதன் விலையைக் கொடுத்தவர்களில் ஒருவர் அதே இஸ்னர். 2010-ல் நிக்கோலா மஹுவுடன் 11 மணி 5 நிமிடம், மூன்று நாட்களாக ஆடி, ஐந்தாவது செட்டை 70-68 என்று வென்றார். 2018 அரையிறுதியில் 26-24 என்று கடைசி செட்டை இழந்தார். மறு ஆண்டே விம்பிள்டன் 12-12-ல் டைபிரேக் வைத்தது. அப்போது நான்கு கிராண்ட்ஸ்லாம்களிலும் கடைசி செட்டுக்கு நான்கு விதமான விதி! 2022-ல்தான் நான்கும் உட்கார்ந்து பேசி, 6-6-ல் 10 புள்ளி டைபிரேக் என்று ஒரே முடிவுக்கு வந்தன.

விதி மாறவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நான் கணினித் துறையில் ஆலோசகனாக இருக்கிறேன். எங்கள் வேலையே மாற்றம்தான். ஆனால் இரண்டு அமைப்புகள் பேசிக்கொள்ள வேண்டுமானால் இரண்டுக்கும் ஒரே கணக்கு வேண்டும். மாற்றுவதானால் முன்கூட்டியே சொல்லவும் வேண்டும். கிராண்ட்ஸ்லாம்களுக்கு முடிந்தது கல்லூரிகளுக்கு ஏன் முடியாது?

வளைகுடாவில் வளர்ந்து, டென்னிஸ் உதவித்தொகையில் வெளிநாட்டுக் கல்லூரிக்குப் போகும் கனவு உங்களில் யாருக்காவது இருக்கலாம். பயிற்சியாளரிடம் முதல் நாளே கேளுங்கள்: "எந்த முறையில் ஆடுவோம்?" இரண்டு கணக்கிலும் பழகிக்கொள்ளுங்கள். நாளை நீங்களே ஒரு போட்டி நடத்தினால், முதல் பந்து விழுவதற்கு முன் விதியைப் பலகையில் எழுதி ஒட்டுங்கள்.

அந்த 10-8 எனக்கு இன்னும் மறக்கவில்லை. நான்தான் தோற்றேனா, கடிகாரம் தோற்கடித்ததா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. உங்கள் போட்டியில் தோற்கும் பிள்ளைக்கு அந்தச் சந்தேகம் வரக் கூடாது.